வீட்டிலேயே கேம்பர் ட்ரெய்லர்: மொத்த எடை சரியாக இருந்தால் போதுமா?

கேள்வி – ஜனவரி 9
என் கார் 750 கிலோ வரைக்கும் இழுக்கும்னு கையேட்டுல போட்டிருக்கு. நான் கட்டப்போற ட்ரெய்லர் சாமானோட சேர்த்து 500 கிலோதான் வருது. ஆக்ஸிலை உடம்புக்கு நட்டநடுவுல வச்சுட்டு, தண்ணி டேங்க், பேட்டரி, அடுப்பு எல்லாத்தையும் பின்பக்கச் சமையல் கூண்டுலயே ஒதுக்கிடலாம்னு இருக்கேன். அப்போ முன்பக்கம் முழுசும் படுக்கைக்கு. மொத்த எடை வரம்புக்குள்ள இருக்கும்போது எதை எங்க வச்சா என்னங்க? சுவர் எல்லாம் 18 மி.மீ. ப்ளைவுட், உறுதியா இருக்கட்டும்னு. செஞ்சு பார்த்தவங்க யாராவது சொல்லுங்க அண்ணா.

ஜனவரி 9, இரவு
தம்பி, ஆக்ஸிலை இன்னும் வெல்ட் வைக்கவில்லை என்றால் அப்படியே நிறுத்துங்க. இந்த நேரத்தில் இதை எழுதுவதே அதற்காகத்தான். மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் கார் இழுத்துவிடும், சரி. ஆனால் ட்ரெய்லர் ஒழுங்காகப் பின்னால் வருமா, வாலாட்டுமா என்பது அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் சொல்கிற அமைப்பில் கொக்கியின் மேல் எடையே விழாது. கொக்கியை மேலே தூக்கும். நாளைக்குக் கணக்கோடு வருகிறேன்.

ஜனவரி 10
கணக்கு இதோ. காரின் கொக்கிப் பந்திலிருந்து பின்னோக்கி அளப்போம். உடம்பு 1.5 மீட்டரில் தொடங்கி 4.5 மீட்டரில் முடிகிறது என்று வைத்துக்கொள்கிறேன். நட்டநடுவில் ஆக்ஸில் என்றால் 3 மீட்டர். ஒவ்வொரு பொருளும் ஆக்ஸிலுக்கு எவ்வளவு முன்னால் அல்லது பின்னால் இருக்கிறது என்று பார்த்து, அந்தத் தூரத்தை எடையோடு பெருக்குங்க. முன்னால் இருந்தால் கூட்டல், பின்னால் இருந்தால் கழித்தல். எல்லாம் சேர்ந்து வருவதை 3-ஆல் வகுத்தால் கொக்கி எடை கிடைக்கும்.

சக்கரத்தோடு சேஸி 160 கிலோ, அதன் எடை மையம் 2.6 மீட்டரில்: கூட்டல் 64. உடம்பு 180 கிலோ, மையம் 2.8-இல்: கூட்டல் 36. படுக்கை, துணிமணி 30 கிலோ, 2.4-இல்: கூட்டல் 18. இதுவரை நல்லதுதான். இனி உங்கள் பின்பக்கம், எல்லாம் 4.2 மீட்டரில். அடுப்பு, அலமாரி 40 கிலோ: கழித்தல் 48. பேட்டரி வகையறா 30 கிலோ: கழித்தல் 36. தண்ணீர் 60 லிட்டர், அதாவது 60 கிலோ: கழித்தல் 72. மொத்தம் கழித்தல் 38. 3-ஆல் வகுத்தால் கழித்தல் 12.7. அதாவது 500 கிலோ ட்ரெய்லர் காரின் பின்பக்கத்தை கிட்டத்தட்ட 13 கிலோ அளவுக்கு மேலே தூக்குகிறது.

இப்போது சமையலைத் தொட வேண்டாம், அது பின்னாலேயே இருக்கட்டும். பேட்டரியை மட்டும் இழுவைக் கம்பியின் (உடம்பிலிருந்து கொக்கி வரை நீளும் கம்பி) மேல் ஒரு பெட்டியில், 1.3 மீட்டருக்குக் கொண்டு வாருங்க. தண்ணீர் டேங்கை ஆக்ஸிலுக்கு நேர் மேலே வையுங்க. கூட்டிப் பார்த்தால் 121, வகுத்தால் 40 கிலோ. 8 சதவீதம். அதே சாமான், அதே மொத்தம், இரண்டு பொருள் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

வழக்கமாகச் சொல்லும் அளவு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். அதைத் தொட ஆக்ஸிலை 10 செ.மீ. பின்னால் தள்ளினால் போதும். ஆக்ஸிலும் சக்கரமும் கூடவே நகர்வதைக் கழித்துப் பார்த்தாலும் 52 கிலோ வருகிறது. இதனால்தான் வெல்ட் வைக்க வேண்டாம் என்றேன். காகிதத்தில் நகர்த்த அழிப்பான் போதும், இரும்பில் நகர்த்தக் கிரைண்டர் வேண்டும்.

ஜனவரி 10, சற்று நேரம் கழித்து
ஏன் வாலாட்டுகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கொக்கிக்குப் பின்னால் வரும் எந்த வண்டியும் பக்கக்காற்றிலோ, லாரி கடந்து போகும்போதோ கொஞ்சம் அசையும். டயர்கள் அந்த அசைவை அடக்கும். வேகம் கூடக் கூட அடக்கும் திறன் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் அசைவு அடங்காமல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெரிதாகும். எடை பின்னால் போகப் போக அந்தக் கட்டம் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். அதனால் தெருவுக்குள் ஓட்டிப் பார்த்து நன்றாக வருகிறது என்று முடிவு கட்ட முடியாது. நெடுஞ்சாலையில்தான் தெரியும், தெரியக் கூடாத இடமும் அதுதான்.

ஜனவரி 14
அளப்பது எப்படி? வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு இருந்தால் போதும். சமதளத்தில் ட்ரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கிக்கு நேர் கீழே தராசை வைத்து அதன் மேல் ஒரு குத்துக்கட்டை. கட்டையின் உயரம், கொக்கி காரில் மாட்டும்போது இருக்கும் உயரமாகவே இருக்க வேண்டும். மூக்கு தாழ்ந்தாலும் நிமிர்ந்தாலும் தராசு வேறு எண் காட்டும். சேஸி மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் படிக்கணும்.

பெரிய ட்ரெய்லர், தராசு தாங்காது என்றால் ஒரு பலகை. ஒரு முனை செங்கல் மேல், மறு முனை தராசு மேல். செங்கல்லிலிருந்து ஒரு பங்கு தூரத்தில், தராசிலிருந்து இரண்டு பங்கு தூரத்தில் கொக்கி பலகையை அழுத்த வேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கொக்கி எடை. பலகையின் சொந்த எடையை முதலிலேயே கழித்துக்கொள்ளுங்க.

ஜனவரி 21
10 முதல் 15 என்று சொன்னதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். அதை அப்படியே விட்டால் சிலருக்கு ஆபத்து. சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் காரின் கையேட்டில் கொக்கியின் மேல் எவ்வளவு கிலோ தாங்கும் என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்க. இழுக்கும் எடை வேறு, கொக்கி தாங்கும் எடை வேறு. சிறிய கார்கள் பலவற்றுக்கு அது 50, 75 கிலோ என்றுதான் இருக்கும். ஐரோப்பாவில் அதனால்தான் குறைந்த சதவீதத்தில், நீளமான இழுவைக் கம்பியோடு கட்டுகிறார்கள். கார் தாங்கும் வரம்பு, கொக்கி மீது அச்சடித்திருக்கும் வரம்பு, இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்களுக்கு. அதற்குள் எவ்வளவு மேலே போக முடியுமோ போங்க.

இன்னொன்று. பின்பக்கம் கனமாகிவிட்டது என்பதற்காக முன்பக்க நுனியில் கனத்தைப் போட்டுச் சரிக்கட்டுவதை நான் விரும்பவில்லை. கொக்கி எடை சரியாக வந்துவிடும், ஆனால் இரண்டு முனையிலும் கனம் இருக்கிற வண்டி ஒரு தடவை திரும்ப ஆரம்பித்தால் சீக்கிரம் நிற்காது. தூரத்தின் வர்க்கம் இது: ஆக்ஸிலிலிருந்து 2 மீட்டரில் இருக்கும் 30 கிலோ, 1 மீட்டரில் இருப்பதைப் போல நான்கு மடங்கு முரண்டு பிடிக்கும். பேட்டரிப் பெட்டியை நானே 1.3-இல் வைக்கச் சொன்னேன். முன்சுவரை ஒட்டி உள்ளேயே, கட்டிலுக்கு அடியில் 1.7-இல் இடம் இருந்தால் அதுதான் மேல். கொக்கி எடையில் குறைவது வெறும் 4 கிலோ. படுக்கைக்கு அடியில் உயரம் பத்தாதவர்களுக்குத்தான் வெளிப்பெட்டி.

உதிரிச் சக்கரத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டவருக்கும் இதே பதில். பின்கதவில் மாட்டாதீங்க. சேஸிக்கு அடியில், ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால்.

பிப்ரவரி 2
இப்போது அந்த 18 மி.மீ. சுவர். என் மனசுக்கு மிக நெருக்கமான விஷயம் இது, கொஞ்சம் நீளும்.

ப்ளைவுட் மரத்துக்கு மரம் மாறும், ஆனாலும் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ என்று எடுத்தால் பெரிதாகத் தப்பாது. 18 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10.8 கிலோ. மூன்று மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரம், இரண்டு பக்கம்: 78 கிலோ, வெறும் பக்கச்சுவருக்கு மட்டும். கூரை, தரை, உள் தடுப்பு எல்லாம் இன்னும் இருக்கிறது. மேலே நான் போட்ட உடம்பு 180 கிலோ என்ற கணக்கு இப்படிக் கட்டினால் நிற்காது.

அதற்குப் பதில் வெளியே 5 மி.மீ., உள்ளே 3 மி.மீ. ப்ளைவுட், நடுவில் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான, எடை குறைந்த நுரைப் பலகை), கதவு, ஜன்னல், திருகு விழும் இடங்களில் மட்டும் மரச்சட்டம். சட்டத்தைத் தவிர்த்துச் சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோ. அதே சுவர்கள் 40 கிலோ, சட்டத்தோடு கொஞ்சம் கூடும். அப்போதும் 30 கிலோவுக்கு மேல் மிச்சம். உறுதி குறையுமா? குறையாது. தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு தோல்கள்தான் வளையாமல் தாங்குகின்றன, நடுவில் இருப்பது அவற்றைத் தள்ளி வைத்திருந்தால் போதும். ஆனால் ஒட்டு முழுப் பரப்பிலும் பிடித்திருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் பசை தடவி நடுவை விட்டால் தோல் தனியாக உப்பும். நான் பல் சீப்பால் பசையை இழுத்து, மேலே தட்டையான பலகை போட்டு, மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கி, மறுநாள் வரை கை வைப்பதில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் ஒட்டிய இடம் கெட்டியாகக் கேட்கும், ஒட்டாத இடம் டொக்கென்று கேட்கும்.

என் பழக்கம் ஒன்று. அறுத்த ஒவ்வொரு துண்டையும் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதிவிடுவேன். ‘இடது சுவர், 21.4’. கதவு, கீல், கதவுத் தாழ், கண்ணாடி எதுவும் விலக்கில்லை. சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் சேர்ந்து எவ்வளவு ஆகின்றன என்பது அந்தப் பென்சில் எண்களைக் கூட்டும்போதுதான் கண்ணில் படும். டிராயருக்கு ரெயில், சமையல் கூண்டுக் கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஷாக், ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். கூண்டு பின்னால் இருப்பதால் அந்தக் கொஞ்சமும் கழித்தலில்தான் போய்ச் சேருகிறது.

பிப்ரவரி 3
நேற்று விட்டுப்போனது: ப்ளைவுட்டின் ஓரம். முகத்தில் எத்தனை கோட்டு பெயிண்ட் அடித்தாலும் தண்ணீர் நுழைவது அறுத்த ஓரத்திலும் திருகு ஓட்டையிலும்தான். ஓரத்துக்கு எபாக்ஸி பிசின், மரம் குடிக்கும் வரை. ஓட்டைக்கு ஒரு வேலை இருக்கிறது: திருகைவிடப் பெரிதாக ஓட்டை போட்டு, அடியில் டேப் ஒட்டி, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்ததும் நடுவில் சரியான அளவில் திரும்ப ஓட்டை. திருகு பிசினுக்குள் இருக்கும், மரத்தைத் தொடாது. பொறுமை வேண்டும். சேஸியில் அமரும் தரைப் பலகைக்காவது இதைச் செய்துவிடுங்க.

பிப்ரவரி 17
சேஸி படம் பார்த்தேன் தம்பி. 50-க்கு 50 சதுரக் குழாய், 3 மி.மீ., ஒரு மீட்டர் நாலேகால் கிலோவுக்குச் சற்று மேல். போதும். உயரம் கூடின குழாய் கிடைத்தால் அது இன்னும் நல்லது. பட்டைச் செவ்வகத்தின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வளையாத தன்மை எட்டு மடங்காகும். குழாய்க்கு அப்படியே பொருந்தாவிட்டாலும் போக்கு அதுதான். கனத்தைத் தடிமனில் போடுவதைவிட உயரத்தில் போடுவது லாபம்.

ஆனால் இழுவைக் கம்பி உடம்புக்கு அடியில் நுழையும் இடத்தில் மேல் முகத்தில் குறுக்காக ஒரு வெல்டிங் கோடு தெரிகிறதே, அது வேண்டாம். ட்ரெய்லரில் அதிகம் வளைந்து நிமிர்வது அந்த இடம்தான். குறுக்கு வெல்டின் ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும். பக்க முகத்தில், நீளவாக்கில் வெல்ட் வையுங்க. இன்னும் இறுக்கம் வேண்டுமென்றால் பக்கத்தில் நீளமான தகடு, முனை சரிவாகச் சீவியது. ஓட்டை போடுவதும் அப்படித்தான்: குழாயின் மேல் கீழ் முகங்களில் போடாமல், பக்க முகத்தின் நடுக்கோட்டில். அங்கே இழுப்பும் இல்லை, அமுக்கமும் இல்லை.

மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறதா பாருங்க. ஆக்ஸிலுக்கு வேறு கணக்கு: கொக்கியின் மையத்திலிருந்து ஆக்ஸிலின் இரண்டு நுனிக்கும் ஒரே தூரம். அது தப்பினால் ட்ரெய்லர் ஒருக்களித்தே ஓடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். இந்த வெல்டிங்கை முழு வேலையாகச் செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. மற்ற எல்லாம் உங்கள் கைவேலை, இழுவைக் கம்பி மட்டும் கைதேர்ந்தவருடையது. உங்கள் நாட்டில் பதிவுக்கு முன் ஆய்வு இருந்தால், வெட்டுவதற்கு முன்பே படத்தோடு போய் அவர்களிடம் கேட்டுவிடுங்க. பிரேக் எந்த எடையிலிருந்து கட்டாயம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பாவில் 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் விடுகிறார்கள்.

மார்ச் 1
பேட்டரி எது என்ற கேள்விக்கு, திரும்பவும் எடைக்கே வருகிறேன். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் 25 முதல் 30 கிலோ, அதில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் 12 கிலோவை ஒட்டி இருக்கும், பெரும்பகுதியை எடுக்கலாம். 12.8 வோல்ட், ஆக 1280 வாட்-மணி. 45 வாட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் நாள் முழுக்க விட்டு விட்டு ஓடினால் 400 வாட்-மணி சுற்றி எடுக்கும். சூரியத் தகடு இல்லாமலே இரண்டு நாளைக்கு மேல் தாங்கும். ஒன்று மட்டும்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் பண்ணக் கூடாது. குளிர்ப் பகுதிக்குப் போகிறவர்கள் பேட்டரியை உள்ளே வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 12 வோல்ட்டில் தூரம் சாப்பிட்டுவிடும். பேட்டரி முன்னால், ஃபிரிட்ஜ் பின்னால், நான்கு மீட்டர் என்றால் போக வர எட்டு மீட்டர். 10 ஆம்பியரை 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் அனுப்பினால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 0.35 வோல்ட். ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும்போது அந்த வித்தியாசத்தில்தான் பல ஃபிரிட்ஜுகள் வோல்டேஜ் குறைவு என்று நின்றுவிடுகின்றன, ஆட்கள் பேட்டரியைக் குறை சொல்கிறார்கள்.

மார்ச் 2
ஃப்யூஸ் பேட்டரியின் பாஸிட்டிவ் முனைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் மட்டும் போட்டால் நடுவில் ஒயர் உரசி வெந்தால் யார் காப்பாற்றுவது? ஃப்யூஸ் காப்பது ஒயரை.

மார்ச் 15
காற்றோட்டம் பற்றி இந்த இழையில் ஒருவரும் கேட்கவில்லை, அதுவே எனக்குக் கவலை.

இரண்டு பேர் மூடின பெட்டிக்குள் தூங்கினால் விடிவதற்குள் அரை லிட்டர் போலத் தண்ணீர் மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும். அது போக இடம் வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த இடமாகத் தேடிப்போய்ப் படியும்: ஜன்னல் சட்டம், கூரையின் திருகு முனைகள், எல்லாவற்றுக்கும் மேலாக மெத்தைக்கு அடியில். காலையில் எழுந்ததும் மெத்தையைத் தூக்கி அந்தப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்க, சில்லென்று ஒட்டும். நான் பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட சட்டங்கள் போட்டுவிட்டேன். எடையும் குறைந்தது. கூரையில் ஒரு விசிறித் துவாரம், தாழ்வாக எதிர்ப்பக்கத்தில் ஒரு காற்று வழி, இரண்டும் இருந்தால்தான் காற்று நகரும். ஒன்று மட்டும் இருந்தால் வெறும் ஓட்டை.

கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியிலிருந்து வண்டிக்குள் வழி இருக்கக் கூடாது, அடியில் வெளியே திறந்த துவாரம் இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் போய்த் தேங்கும். கார்பன் மோனாக்ஸைடு அப்படி இல்லை. காற்றோடு கலந்து நிற்கும், மணமும் கிடையாது. அதனால் உள்ளே அடுப்போ ஹீட்டரோ எரித்துக்கொண்டு தூங்கவே கூடாது. படுக்கைப் பக்கம் ஒரு கார்பன் மோனாக்ஸைடு அலாரம் மாட்டுங்க. பட்டியலில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீங்க. குழந்தைகளோடு போகப்போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

ஏப்ரல் 6
கூரைக்கு சிலிகான் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சிலிகான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது, அடுத்த தடவை பழுது பார்க்கும்போது கண்ணீர் வரும். தகட்டுக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்), மேலே ஓரத்தில் பாலியூரிதேன் சீலன்ட். அலுமினியத் தகடு வெயிலில் நீளும் என்பதையும் நினைவில் வையுங்க: மூன்று மீட்டர் தகடு 40 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. அதை இரண்டு முனையிலும் இறுக்கிப் பூட்டினால் நடுவில் அலை அலையாக உப்பும்.

ஒழுகலைச் சோதிக்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் வெளியே கீழிருந்து மேலாகக் குழாயால் தண்ணீர் அடிக்க, ஒருவர் உள்ளே டார்ச்சோடு. மேலிருந்து அடித்தால் எங்கே நுழைந்தது என்றே தெரியாது. என் வீட்டில் உள்ளே உட்காருவது மனைவி. ‘நிறுத்து, கதவு மேல் மூலை’ என்று அவர் குரல் கொடுத்த இடத்தை நான் வெளியே சாக்பீஸால் குறித்துக்கொள்வேன். உட்புறப் பலகையை அடித்து மூடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

ஏப்ரல் 20
கொக்கி எடை 53 கிலோ, மொத்தம் 488! தம்பி, இதைப் படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். உங்கள் கொக்கி 75 வரை தாங்கும் என்பதால் கூடப் பயணச் சாமானுக்கும் இடம் இருக்கிறது. அந்தச் சாமான் எல்லாம் ஏறின பிறகு, டேங்க் நிரம்பியும் காலியாகவும், இன்னும் இரண்டு தடவை அளந்துவிடுங்க. டேங்க் ஆக்ஸிலுக்கு மேலே இருப்பதால் பெரிய மாற்றம் வராது, ஆனால் அளந்த எண் கையில் இருப்பது நல்லது.

முதல் ஓட்டத்துக்கு முன் டயரின் பக்கச்சுவரில் அந்த நான்கு எண்ணைப் படியுங்க. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும், பட்டன் ஆழமாக இருக்கிறது என்று ஏமாறாதீங்க. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்க, கொக்கி கழன்றால் கம்பி தரையில் குத்தாமல் அதில் விழும்.

ஓடும்போது வாலாட்டுவது போலத் தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்க, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்க, அவ்வளவுதான். எதிர்த்துத் திருப்ப வேண்டாம், காரின் பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டாம். வேகம் குறைந்தால் தானே அடங்கும். பிறகு ஓரங்கட்டி, சாமான் எங்கே நகர்ந்தது என்று பாருங்க.

சக்கர நட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்க. 50 கி.மீ. ஓடியதும் நிறுத்தி மறுபடி, 100-இல் இன்னொரு தடவை. அப்போதே சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மேல் கை வைத்துப் பாருங்க. வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்க முடியாத சூடென்றால் பேரிங் இறுக்கம், அங்கிருந்து மேலே ஓட்டாதீங்க. போய் வந்து எழுதுங்க, கதவு மேல் மூலை ஒழுகியதா என்பதையும் சேர்த்து.